எஞ்சின் ஓடிவிட்டால் கூலி எதற்கு?

படகு மெக்கானிக் தொழிலில் எஞ்சினை ஓட வைப்பது பாதி வேலைதான். ஓடிய பிறகு கூலியை வாங்குவது மீதிப் பாதி, அந்தப் பாதிக்கு எந்த ஸ்பானரும் கிடையாது.

இதை எனக்கு முதலில் சொன்னது லூர்து அக்கா. சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த வாரம் அது. அடுத்த வீட்டு லூர்து அக்காவின் கணவரும் படகு மெக்கானிக்தான். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் சட்டையெல்லாம் கரி எண்ணெயும் கையில் ஒரு பை மீனுமாக வந்து நின்றார். புதுப்பெண் நான், மீனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா சிரித்துவிட்டாள். "ஏளா, மெக்கானிக்கைக் கட்டினவ மீனுக்கு அலைய வேண்டாம், காசுக்குத்தான் அலையணும்" என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் துரைராஜ். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறார். எந்த எஞ்சினையும் பேச வைத்துவிடுவார். மனிதரிடம் கூலி கேட்க மட்டும் அவருக்கு வாய் வராது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை, கல்யாணம் என்று வெளியூர் போனதும், எட்டாம் வகுப்போடு நின்றவளான நான் கொட்டகையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேலை அவருடையது, கேட்பது என்னுடையது. ஒவ்வொரு தடவையும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கேட்கப் போவேன். ஆண்டவர் எனக்குப் பொறுமையைக் கொடுத்தார். கூலியைப் படகுக்காரர் அல்லவா கொடுக்க வேண்டும்?

போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. இந்தக் கூலியை நம்பி இனியும் கொட்டகையை நடத்துவதா, இல்லை, உதிரிச் சாமான் கடைக்காரர் காட்டிய வழிக்குப் போய்விடுவதா? அந்த வழி என்ன என்று அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். அதற்கு முன்னால், தையல்காரர் வீட்டுப் பெண்களே, பிளம்பர் வீட்டுப் பெண்களே, மின்விசிறிக்குக் காயில் சுற்றுகிறவர் வீட்டுப் பெண்களே, நாங்கள் பட்டதைக் கொஞ்சம் கேளுங்கள். படகு என்று வருகிற இடத்தில் உங்கள் வீட்டுச் சாமானைப் போட்டுக்கொண்டால் கதை பொருந்திவிடும்.

எஞ்சினுக்கும் ஒரு பங்கு

எங்கள் கடற்கரையில் சில படகுகளில் ஒரு வழக்கம் உண்டு. மீனை விற்று, டீசல் செலவும் ஐஸ் செலவும் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பங்கு வைப்பார்கள். போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. அதோடு படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு. படகும் வலையும் எஞ்சினும் கை நீட்டி வாங்க முடியாதே, அதனால் அவற்றின் பங்கையெல்லாம் முதலாளி வாங்கிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிறதில்லை என்பதால் சனிக்கிழமை கணக்குத் தீர்ப்பார்கள்.

சேவியர் என்று ஒரு படகு முதலாளி. அவர் படகில் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டிய கூலி நிலுவையில் இருந்தது. நான் சனிக்கிழமை பார்த்து ஏலக் கூடத்துக்கே போனேன். "எஞ்சின் பங்கு வாரா வாரம் வாங்குதிய. அந்த எஞ்சினுக்குச் சீக்கு வந்தா வைத்தியம் பாத்தவருக்கு அதுல இருந்து குடுக்கலாமே" என்று தன்மையாகத்தான் கேட்டேன். அவர் நோட்டுகளை மடித்து மடியில் செருகிக்கொண்டே சொன்னார்: "மதினி, பங்கு எஞ்சினுக்குத்தான. எஞ்சின் வந்து எங்கிட்ட கேக்கட்டும், குடுக்கேன்."

உபவாச வீட்டுக்கு மீன்

கூலிக்குப் பதில் மீன் கொடுப்பதைச் சிலர் பெரிய மனசு என்றே நினைக்கிறார்கள். நல்ல சீலா வந்த நாளிலோ இறால் வந்த நாளிலோ அந்த மனசு பெரிதாகாது. சாளை வந்து குவிந்து, ஏலத்தில் கேட்க ஆளில்லாமல் கிடக்கிற நாளில்தான் "அண்ணாச்சி வீட்டுக்கு ஒரு பை போடுலே" என்ற சத்தம் கேட்கும்.

ஒரு வருஷம் லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்திய உபவாச காலம். எங்கள் வீட்டில் கவுச்சி சேர்ப்பதில்லை என்று தெருவுக்கே தெரியும். கொடுத்த படகுக்காரரும் தவக்காலம் அனுசரிக்கிறவர்தான், கழுத்தில் செபமாலை கிடக்கிறது. அவரே ஒரு பை சாளையைக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தார். "அண்ணாச்சி, நாங்க உபவாசத்துல இருக்கோம், மீன் வேண்டாம், கூலியைக் குடுத்திருங்க" என்றேன். அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "உபவாசம்னா வீட்டுல செலவே இருக்காதே மதினி, பிறவு காசு எதுக்கு?"

கண்ணுக்குத் தெரியாத சாமான்

கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு சார், மைத்துனரோடு கூட்டாகப் படகு வாங்கினார். படித்தவர், நியாயம் தெரியும் என்று நானும் நம்பினேன். எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து முடித்ததும் சாமான் பில்லைக் கொடுத்தேன். கடைக்காரர் போட்ட விலையைப் பார்த்து அவர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. புதுச் சாமான் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். கழற்றிப்போட்ட பழைய பேரிங், நைந்துபோன வாஷர், காலி எண்ணெய் டப்பா முதற்கொண்டு ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டார்.

கடைசி வரியில் கூலி இருந்தது. அந்த வரியில் அவர் கண்ணாடி நின்றுவிட்டது. மூன்று பக்கமும் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். நானும் எதையோ தேடுகிறார் என்று கூடவே பார்த்தேன். பிறகு பில்லை என் பக்கம் திருப்பி, விரலை அந்த வரியில் வைத்துக் கேட்டார்: "எல்லாம் சரிம்மா, இந்தக் கூலின்னு ஒண்ணு போட்டிருக்கியளே, அது எங்க இருக்கு, காட்டுங்க?"

பொன்னாடை

இன்னொருவர் பழைய படகை வாங்கிப் புதுசு போல ஆக்கினார். பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, சீரியல் பல்பு மாட்டி, பெயர் எழுதுகிற ஆர்ட்டிஸ்ட்டுக்கு அன்றே கையில் காசு. சர்ச் சாமியார் வந்து மந்திரித்தார். மைக்செட்டுக்குக் காசு, பிரியாணிக்குக் காசு, வெடிக்குக் காசு. பாதி உயிர் போயிருந்த எஞ்சினை எழுப்பிக் கொடுத்த எங்கள் வீட்டுக்காரருக்கு முன்பணமாகக் கொடுத்ததோடு சரி.

படகை இறக்கிய அன்றைக்கு மேடையில் அவரைக் கூப்பிட்டு, "எங்கள் படகின் இதயத்துக்கு உயிர் கொடுத்த அண்ணாச்சி" என்று மைக்கில் அலறிப் பொன்னாடை போர்த்தினார்கள். பாவம், இவர் கூச்சத்தில் நெளிந்தார். பிறகு நான் கேட்டால், அந்தத் துணியில் கையெண்ணெய்கூடத் துடைக்க முடியாது, வழுக்கும் என்றார். மறுவாரம் பாக்கிக் கூலிக்குப் போனேன். படகுக்காரர் முகம் சுருங்கிவிட்டது, நான்தான் ஏதோ அநாகரிகம் பண்ணியது போல. "ஊரறிய பொன்னாடையே போத்தியாச்சு அத்தை. இன்னுமா அந்தக் காசைப் பிடிச்சித் தொங்குதிய?"

கட்டி இழுத்தவனுக்குக் கொடுத்தது

தருவைகுளத்துப் படகு ஒன்றுக்குத் தண்ணீர் பம்பில் பேரிங் தேய்ந்திருந்தது. "மாத்திருங்க, நடுக்கடல்ல நிக்க வச்சிரும்" என்று இவர் சொன்னார். பேரிங் விலை ஒன்றும் பெரிதில்லை. கழற்றி மாட்டுகிற கூலியைக் கேட்டதும் படகுக்காரர், "ஓடுற மட்டும் ஓடட்டும்" என்று போய்விட்டார். ஓடுற மட்டும் ஓடியது. எஞ்சின் சூடேறி நின்றது. வேறொரு படகு தன் தொழிலை விட்டுவிட்டு அதைக் கயிறு போட்டு இழுத்து வந்தது. இழுத்து வந்தவருக்கு டீசல் காசு, அன்றைய மீன் நஷ்டம் எல்லாம் எண்ணி, டீயும் வாங்கிக் கொடுத்தார் நம் படகுக்காரர். ஒரு வார்த்தை பேரம் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு பகல் இவர் அந்த எஞ்சின் குழிக்குள் குனிந்தே கிடந்தார். நிமிர முடியாமல் வந்தவருக்கு நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கூலி என்று வந்தபோது படகுக்காரர் பாதியைக் குறைத்து நீட்டினார். "இழுத்துட்டு வந்தவருக்குக் கேட்டதைக் குடுத்தியளே" என்றேன். கொஞ்சமும் வெட்கமில்லாமல் பதில் வந்தது: "அவன் இழுத்ததை ஊரே பாத்துச்சு மதினி, குடுக்கலன்னா கேவலம். அண்ணாச்சி உள்ள குனிஞ்சு செஞ்சதை யாரு பாத்தா?"

கூலி வாங்காத தர்மவான்

இப்போது கடைக்காரர் காட்டிய வழிக்கு வருகிறேன். போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதெல்லாம் அப்போதுதான். எங்களுக்கு வருஷத்தின் பிழைப்பே அந்தச் சீசன்தான். உதிரிச் சாமான் கடைக்காரர் ஒருவர் கொட்டகைக்கு வந்து டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேசினார். "கூலியே கேக்காதிய அண்ணாச்சி. கூலி இலவசம்னு போர்டு வைங்க. சாமானை மட்டும் எங்கிட்ட எடுக்கச் சொல்லுங்க. எடுக்கிற சாமானுக்கு உங்க கமிஷன் வீடு தேடி வரும்" என்றார். அதாவது, நன்றாக இருக்கிற, டீசல் பீய்ச்சுகிற நாசிலையும் பேரிங்கையும் கெட்டுப்போச்சு என்று சொல்லிக் கழற்றிப்போட வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அன்றைக்குக் காது சிவக்கவில்லை. நிஜமாகவே யோசிக்கிறார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அவரோடு முன்பு ஒரே பட்டறையில் வேலை பார்த்த செல்வம், அந்தக் கமிஷன் வழியில் போய்ப் புது வண்டி வாங்கியிருந்தான். அவனும் வந்து உட்கார்ந்தான். "இது பாவம் இல்லையா தம்பி?" என்று கேட்டேன். அவன் என்னிடம் கோபப்படவில்லை. செல்போனைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நானும் ஒழுங்கா கூலி கேட்டுப் பாத்தவன்தான் அக்கா. கேட்டா கொள்ளைக்காரன்னு சொன்னாவ. கூலி வேண்டாம்னு சொல்லிட்டுக் கொள்ளையடிக்கேன், தர்மவான்னு சொல்லுதாவ."

காதுக்குக் கூலி உண்டா

நாங்கள் 'கூலி இலவசம்' போர்டு வைக்கவில்லை. "வேலையைத் தொடுமுன் கூலியைப் பேசிவிடுவோம்" என்று நான் வருகிறவர்களிடம் சொன்னேன். அவ்வளவுதான், தடைக்காலம் பிறந்ததும் படகெல்லாம் செல்வத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. சேவியர் படகும் போயிற்று. நாங்கள் கொட்டகையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். கொட்டகை போட்ட இடத்து வாடகை நிற்குமா? "இந்தச் சீசன் முடியட்டும். இப்படியே இருந்தா நானும் அவன் வழிதான்" என்று இவர் ஒரு மத்தியானம் சொன்னார். நான் உள்ளே போய் ஜெபம் பண்ணினேன்.

ஆள்தான் வரவில்லை, போன் ஓயாமல் வந்தது. செல்வத்திடம் எஞ்சினைக் கொடுத்தவர்களெல்லாம் எஞ்சின் சத்தத்தைப் பதிவு பண்ணி இவருக்கு அனுப்புவார்கள். "அண்ணாச்சி, இந்தச் சத்தம் எங்கன இருந்து வருது, கேட்டுச் சொல்லுங்க." இவரும் கண்ணை மூடிக் கேட்டு, வால்வா, கப்ளிங்கா என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான் போனை வாங்கி, "கேட்டுச் சொல்லுததும் வேலைதான் தம்பி, அதுக்கும் ஏதாவது போட்டுக் குடுங்க" என்றேன்.  மனம் புண்பட்ட குரலில் வந்தது பதில்: "நான் அண்ணாச்சிய வேலை செய்யவா சொன்னேன் அக்கா? சும்மா காதால கேக்கத்தான சொன்னேன்."

யார் வயிற்றில் அடித்தது

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போயின. மீன் நன்றாகத்தான் பட்டது. ஆனால் சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சேவியர் படகின் டிரைவர் அந்தோணி, வலை இழுக்கிற ஆட்கள் நான்கைந்து பேரோடு கொட்டகைக்கு வந்தான். எல்லார் முகமும் வாடியிருந்தது. "கூலி இல்லாத மெக்கானிக்கு எங்க வயித்துல அடிச்சிட்டான் அத்தை" என்றான். எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். அந்தப் படகில் சாமான் வாங்கிய செலவைப் பொதுவில், பங்கு வைக்குமுன்னே கழிப்பார்களாம். மெக்கானிக் கூலி மட்டும் முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டுமாம். இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் இது எனக்குத் தெரியாது. சாமானுக்குச் சிரித்துக்கொண்டே கொடுக்கிறவர்கள் கூலிக்கு ஏன் உயிரை விடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. செல்வம் மாற்றிய சாமானுக்கெல்லாம் வாரா வாரம் இந்த ஆட்களின் பங்கு கரைந்துகொண்டிருந்திருக்கிறது. அப்படியும் எஞ்சின் உதறிக்கொண்டுதான் இருந்தது.

"இனிமே கூலியும் பொதுவுலயே கழியட்டும்னு பேசி முடிச்சிட்டோம். அண்ணாச்சி பாத்து வேணும்னு சொல்லுத சாமானைத்தான் மாத்தணும். இல்லன்னா திங்கக்கிழம நாங்க படகு ஏற மாட்டோம்" என்றான் அந்தோணி. எங்கள் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "உங்க வயித்துல இருந்து எனக்குக் கூலி வேண்டாம்லே" என்றார். "சும்மா மாத்துன நாசிலுக்கும் எங்க வயித்துல இருந்துதான போச்சு. இதுவாவது உழைச்சவருக்குப் போவட்டும்" என்று அவன் சொன்னதும் இவர் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுக்கு நடந்துவிட்டார், நானும் பின்னாலேயே போனேன். எஞ்சினைத் தாங்குகிற அடிப்போல்ட்டுகளைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தார்கள். டீசல் பில்டரும் அடைத்திருந்தது. சாமான் ஒன்றும் புதிதாக வாங்கவில்லை. வேலை முடிந்து இவர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே, பேசிய கூலியை அந்தோணி கொண்டுவந்து நீட்டினான். எங்கள் தொழிலில் கேளாமல் வந்த முதல் கூலி அதுதான். ஈரக் கையோடு அதை வாங்காமல், துண்டைத் தேடிப் போய்க் கையை நன்றாகத் துடைத்துவிட்டு வந்து வாங்கினார். கமிஷன் வேண்டாம் என்று கடைக்காரருக்கு அங்கே வைத்தே போன் போட்டார்.

சேவியர் முதலாளியும் வந்தார். எஞ்சினை ஓட விட்டுக் கேட்டுவிட்டு, பத்துப் பேர் பங்கிலிருந்து போன கூலியை நினைத்தோ என்னவோ, வாயெல்லாம் பல்லாக என்னிடம் சொன்னார்: "பாத்தியளா மதினி, எல்லாரும் சேந்து குடுக்கதுன்னா நான் வேண்டாம்னா சொல்லுதேன்? உழைப்புக்கு மரியாதை குடுக்காத ஆளா நான்?"

ஆக, எங்கள் கடற்கரையில் படகு வைத்திருக்கிறவர்களுக்கு உழைப்பின் மதிப்பு நன்றாகவே தெரிகிறது, காசு அடுத்தவன் மடியிலிருந்து போகிறவரைக்கும். ஆண்டவர் அவர்களை ஆசீர்வதிக்கட்டும். உங்களிடம் நான் கேட்பது சின்ன காரியம்: உங்கள் வீட்டில் யாராவது வந்து எதையாவது சரிபண்ணினால், அவர் கையைத் துடைத்து முடிக்குமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.